இரசிகர் எழுதும் கதையும் நன்னூல் அளவுகோலும்

முன்னே ஒருவர் படைத்த கதைமாந்தரை எடுத்துக்கொண்டு, அக்கதையில் தோய்ந்த வாசகர் தாமே புதுக்கதை எழுதுவதை 'இரசிகர் புனைவு' என்பர். ஆலுவாயிலும் மட்டாஞ்சேரியிலும் நம்மவர் பிள்ளைகள் சிலர் இப்படி எழுதுகிறார்கள். பெரியவர்களோ, "அடுத்தவன் சரக்குக்குத் தன் முத்திரை குத்துகிற வேலை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். இதை நிதானமாகப் பார்க்கணும். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிற பிள்ளை, யாரும் சொல்லாமலே தமிழில் எழுத உட்காருவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

மேனாட்டார் இதற்குக் கொள்கை வகுத்திருக்கிறார்கள். பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1967-இல், நூலின் பொருள் ஆசிரியரோடு முடிவதில்லை, வாசகரிடத்தே கூடுகிறது என்றார். அமெரிக்கரான ஹென்றி ஜென்கின்ஸ் 1992-இல் தனி நூலே எழுதி, இரசிகரும் படைப்பாளியே என்று காட்டினார். சரி, ஆனால் நயம் சரக்கு எது, சொத்தை எது என்று பிரிக்க இவை மட்டும் போதா. அதற்கு நம் வீட்டிலேயே தராசு உண்டு.

சீயகங்கன் வேண்ட, சமண முனிவர் பவணந்தி இயற்றிய நன்னூல், நூலை முதல், வழி, சார்பு என மூன்றாக்குகிறது. முதல்நூலின் முடிபை ஏற்று, பின்னோன் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் சேர்ப்பது வழிநூல். ஒரு பகுதியை மட்டும் தொட்டு, மற்றவற்றில் வேறுபடுவது சார்புநூல். அவர் சொன்னது இலக்கண நூலுக்கு. கதைக்கும் பொருந்தும் என்பது என் துணிபு.

பொருத்திப் பாருங்கள். கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலன் கொலையும் நந்தினியின் பிறப்பும் முழுக்கத் தெளிவாவதில்லை. அந்த இடைவெளியில்தான் வாசகர் நுழைகிறார். 'அமுதசுரபி' ஆசிரியர் விக்கிரமன் அக்கதையைத் தொடர்ந்து 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அது வழிநூல். குண்டலகேசி என்ற பௌத்த காப்பியத்துக்கு மறுப்பாக எழுந்த சமண நூல் நீலகேசி. பழையனூர் நீலி என்ற பேயையே அறம் பேசும் தலைவியாக்கியது. அது சார்புநூல். இன்றைக்குக் குண்டலகேசியில் சில பாடல்களே மிச்சம். அதன் வாதங்களை நாம் அறிய உதவுவதே நீலகேசியும் அதன் உரையும்தான். எதிர்க்க எழுந்த நூலே முதலைக் காப்பாற்றியது, பாருங்கள்!

இன்னொன்று. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளை வைத்துச் சாத்தனார் மணிமேகலை பாடினார். அதில் எங்கள் நிகண்டவாதத்தையும் மறுக்கிறார். சமணனான எனக்கு அது உடன்பாடில்லை. ஆனாலும் இளங்கோவின் பாத்திரத்தைத் திருடினார் என்று எந்தச் சமணரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படியானால் எல்லாமே நல்லதா? இல்லை. நன்னூல் பத்துக் குற்றம் சொல்கிறது. அவற்றில் இரண்டு போதும். 'கூறியது கூறல்': கல்கி எழுதியதையே திருப்பி எழுதினால் அது வெறும் படி. 'மாறுகொளக் கூறல்': முதல் அத்தியாயத்தில் கோழையான வந்தியத்தேவன் மூன்றாவதில் காரணமின்றி வீரனானால் அது பிழை. வேறுபாடு இருக்கணும், அதற்குக் காரணமும் இருக்கணும்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. கல்கி மறைந்தது 1954. அவர் நூல்கள் இன்று பொதுவுடைமை. வாழும் எழுத்தாளர் கதையென்றால், அச்சிடுமுன் அனுமதி கேட்பதே முறை.

ஆகவே பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை நோட்டை நீட்டும்போது, "இது சொந்தமா?" என்று முதலில் கேட்காதீர்கள். "இதில் நீ சேர்த்தது என்ன?" என்று கேளுங்கள். பதில் சொல்வதற்காகவே அது முதல்நூலை இன்னொரு தடவை தமிழில் வாசிக்கும்.