உங்களுக்குத் தெரியுமா? பழைய புல்லட்டுக்கு ஐந்தாவது கியர்

ஆவுடையார்கோவில் கொடுங்கையை, அதாவது வளைந்த கல் கூரை விளிம்பை, நிமிர்ந்து பார்த்தால் கல்லிலேயே சட்டமும் ஆணியும் தெரியும். மரவேலை என்றே கண் நம்பிவிடும். ஆனால் அங்கே எதையும் கழற்ற முடியாது. வெளியே தெருவில் நிற்கும் பழைய புல்லட் அப்படியில்லை. அதன் கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேர்ந்து வார்க்கப்பட்டதல்ல. பின்னால் போல்ட் போட்டு மாட்டிய தனிப்பெட்டி. அதனால்தான் நான்கு கியர் 'ஆல்பியன்' பெட்டியை இறக்கிவிட்டு, பின்னாளில் வந்த ஐந்து கியர் பெட்டியை அதே எஞ்சினில் ஏற்ற முடிகிறது. அருமையான அமைப்பு!

ஆனால் பெட்டியை மட்டும் மாற்றினால் போதாது. பழையதில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும். இடப்பக்கக் கியர் உள்ள புதுப்பெட்டியில் எல்லாம் தலைகீழ். முதல் கியருக்குக் கீழே மிதிக்க வேண்டும், பிரேக் மிதியை வலப்பக்கம் கொண்டுவர வேண்டும். கிளட்ச்சும் பொருந்துகிறதா என்று பார்த்தாக வேண்டும். பழகிய கால் அவசரத்தில் பிரேக்குக்குப் பதில் கியரை மிதிக்கும். அதுதான் பெரிய ஆபத்து.

2008 முதல் வந்த யூசிஇ எஞ்சின்களில் கியரும் எஞ்சினும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால் இந்த வேலைக்கு இடமில்லை.

பழைய வண்டியில் பெட்டியை மாற்றுபவர்களே, கழற்றிய ஆல்பியன் பெட்டியைத் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்; பழையபடி மாற்ற நினைத்தால் அதுவே வேண்டும்.