விலக்கு யாருக்கு?

கொடைக்கானலில் நடந்ததைப் பூண்டி கிராமத்தார் மறக்கலாகாது. அனுமதித்த அளவை மீறி அங்கு ஒரு ஹோட்டல் ஏழு மாடியாக எழுந்தது. சட்டத்தைக் காக்க வேண்டிய சர்க்காரே 1994-ல் விதிவிலக்கு உத்தரவு பிறப்பித்து அதற்கு அபயமளித்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினர் வழக்காடினர். ஹைக்கோர்ட்டு அவ்வுத்தரவை ரத்துச் செய்தது. 1995-ல் சுப்ரீம் கோர்ட்டும் அத்தீர்ப்பை ஊர்ஜிதம் செய்தது. மிகையான மாடிகளை இடிக்க வேண்டியதாயிற்று.

ஜனங்கள் ஜயித்தார்கள். ஆயினும் அபாயம் நீங்கிற்றா? 1971-ம் வருஷத்து நகர, கிராம அமைப்புச் சட்டத்தின் 113-வது பிரிவு, எந்தக் கட்டிடத்துக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்குத் தருகிறது. ஏழைக் குடியானவன் தன் வீட்டில் ஓர் அறை சேர்க்க ஆபீஸ் படிகளில் காத்து நிற்கிறான். தனவந்தனோ முதலில் கட்டிவிட்டுப் பிறகு விலக்குக் கேட்கிறான். இதுவா சமநீதி?

நகரில் இடம் நெருக்க நெருக்க, விடுதி முதலாளிகளின் பார்வை மேல்மலைக்குத் திரும்புகிறது. பூண்டியின் படிவயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. சரிவை வெட்டிக் கட்டிடம் ஏற்றினால் மழையில் மண் சரியும், வயல் அழியும். வயல் போனபின் அக்குறியீடு ஏட்டுச் சுரைக்காயே.

விலக்கே கூடாதென்று நாம் வாதிக்கவில்லை. மறைவில் அளிக்கலாகாது என்கிறோம். விலக்குக் கோரும் ஒவ்வொரு மனுவும், உத்தரவு பிறக்குமுன், அவ்வூர்க் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். குடிகளின் ஆட்சேபணைக்கு எழுத்து மூலம் பதில் தர வேண்டும். கட்டிடம் எழுந்தபின் கோர்ட்டுக்கு ஓடுவதினும் கடைக்கால் தோண்டுமுன் தடுப்பதே விவேகம். பூண்டியார் அடுத்த கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றுவார்களாக!