நூலுக்கும் தாகம் உண்டு!

பந்தல்குடி வட்டாரம் கரிசல் பூமி. சித்திரை வெயிலில் காற்றும் வறண்டு போகும். அந்த வறட்சி மனிதரை மட்டுமா வாட்டுகிறது? பக்கத்தில் உள்ள அருப்புக்கோட்டை நூற்பாலைகளில் பருத்தி நூலையும் வாட்டுகிறது!

காற்றில் ஈரம் குறைந்தால் பஞ்சு பறக்கும். நூல் அடிக்கடி அறுந்துவிடும். தொழிலாளர்கள் ஓடி ஓடி இணைக்க வேண்டும். ஈரம் மிகுந்தாலும் தொல்லைதான். பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும்.

ஆகவே, ஆலைக்குள் செல்லும் காற்றில் நீரைத் தூவி அனுப்புகிறார்கள். எவ்வளவு தூவுவது? அதை வெளியே உள்ள வானிலைதான் தீர்மானிக்கிறது. கோடையில் அதிகம், ஐப்பசி மழையில் குறைவு. நூற்பதற்குச் சுமார் 55 முதல் 60 சதவீத ஈரப்பதம் ஏற்றது.

ஈரத்தை அறிய எளிய வழி உண்டு. இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் ஈரத்துணி. துணி காயக் காய அது குளிரும். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமானால், காற்று வறண்டிருக்கிறது என்று பொருள்.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கக் குழாய்களில் வெந்நீர் ஓடுகிறது. வெளியே குளிர் கூடினால் அதன் சூட்டைக் கூட்டுகிறார்கள், தணிந்தால் குறைக்கிறார்கள்.

வெளியே பாராமல் எப்போதும் ஒரே அளவாக வைத்தால் என்ன ஆகும்? அங்கே எரிபொருள் வீண். இங்கே நூல் வீண்!