ஐம்பது மதிப்பெண்ணும் ஒரு பீப்பாய்க் கணக்கும்

பியர் போட்டி நடுவரின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10. அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பியர் நடுவர் சான்றிதழ்த் திட்டம், சுருக்கமாக பி.ஜே.சி.பி., வகுத்த பங்கீடு இது. மணமும் சுவையும் சேர்ந்தே 32, நூற்றுக்கு 64. கசப்புக்கென்று தனிக் கட்டம் கிடையாது. இந்தியா பேல் ஏல், அதாவது ஐ.பி.ஏ., என்றாலே கசப்புதான் என்று நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தாளை.

கசப்பை அளக்க ஐ.பி.யு. என்ற அலகு இருக்கிறது. பியரில் போடும் ஹாப்ஸ் பூ கொதியில் தரும் கசப்புப் பொருள் ஐசோ ஆல்ஃபா அமிலம்; ஒரு லிட்டரில் அது ஒரு மில்லிகிராம் இருந்தால் ஏறத்தாழ ஒரு ஐ.பி.யு. அமெரிக்க ஐ.பி.ஏ.வுக்கு பி.ஜே.சி.பி.யின் 2021 வழிகாட்டி 40 முதல் 70 ஐ.பி.யு. வரையும், ஆல்கஹால் 5.5 முதல் 7.5 சதவீதம் வரையும் அனுமதிக்கிறது. ஆங்கிலேய ஐ.பி.ஏ.வுக்கு 40 முதல் 60. மங்கலான ‘ஹேஸி’ வகைக்கு 25இல் தொடங்கி 60 வரை. கசப்பு பாதியாக இருந்தும் ஒரு ஹேஸி 40 மதிப்பெண்ணைத் தொடலாம்.

பெயரில் இருக்கும் இந்தியாவுக்குக் காரணம் கப்பல். லண்டனின் பௌ பகுதியில் இருந்த ஹாட்சன் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்கு அருகில் இருந்தது. கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பம்பாய்க்கும் பல மாதம் கடலில் வந்த பியர் அது. 1820களில் இங்கிலாந்தின் பர்ட்டன் நகர ஆலைகள் போட்டிக்கு இறங்கின. ஆனால் இன்று நடுவர் மேசைக்கு அதிகம் வரும் ஐ.பி.ஏ.வின் வேர் அமெரிக்க மேற்குக் கரையில்தான். ஆரகனில் வளர்த்தெடுக்கப்பட்ட காஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகை 1972இல் வெளியானது. 1975இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை அதைப் போட்டு லிபர்ட்டி ஏல் காய்ச்சியது. பம்ளிமாஸ் தோலைக் கீறினால் வருமே, அந்த வாசனை பியருக்குள் வந்தது அங்கிருந்துதான்.

இனி ஒரு பீப்பாயை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பீப்பாய் 117.3 லிட்டர்; 473 மில்லி கேனாக அடைத்தால் 248 கேன். 6.5 சதவீத ஐ.பி.ஏ. என்றால் மால்ட் ஏறத்தாழ 30 கிலோ போகும். ஒரு பீப்பாய் பியருக்கு ஆலை செலவழிக்கும் தண்ணீர், கழுவுவது குளிரவைப்பது எல்லாம் சேர்த்து, சராசரியாக ஏழு பீப்பாய். அதாவது 820 லிட்டர்.

இந்தப் பீப்பாயில் 60 ஐ.பி.யு. கசப்பு வேண்டும் என்றால் தேவைப்படும் ஐசோ ஆல்ஃபா அமிலம் 7 கிராம்தான். கொதியில் கால் பங்கு அமிலமே கரைந்து மாறுகிறது என்று வைத்தால் 28 கிராம் ஆல்ஃபா அமிலம் போட வேண்டும். 12 சதவீத அமிலம் உள்ள சிட்ரா போன்ற ஹாப்ஸில் அது சுமார் 235 கிராம். கசப்பின் மொத்தச் செலவு அவ்வளவே.

மணம் அப்படியல்ல. நொதித்த பிறகு, கொதிக்கவைக்காமல், குளிர்ந்த பியரில் ஹாப்ஸை ஊறவைக்கிறார்கள். லிட்டருக்கு 8 கிராம் என்றால் பீப்பாய்க்கு 940 கிராம். கசப்புக்குப் போட்டதைப் போல நான்கு மடங்கு. பல ஆலைகள் இதையும் தாண்டி இரட்டிப்பாகப் போடுகின்றன. ஆரகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காஸ்கேட் ஹாப்ஸை லிட்டருக்கு 16 கிராம் வரை ஊறவைத்துச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். 8 கிராமுக்கு மேல் போகப் போக மணம் அதே அளவில் ஏறவில்லை. பழ மணம் பின்தங்கி, தேயிலையும் பச்சிலையும் கலந்த மணம் முன்னுக்கு வந்தது.

அந்தக் கூடுதல் 8 கிராமின் விலை என்ன? ஹாப்ஸ் பவுண்டு 10 டாலர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பீப்பாய்க்கு இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல், 21 டாலர். கிராமுக்கு 5 மில்லி பியரை ஹாப்ஸ் உறிஞ்சிக்கொண்டாலும் 4.7 லிட்டர் போச்சு, அதாவது 10 கேன். ஒப்பிட ஒன்று: ஆண்டுக்கு 20 லட்சம் பீப்பாய்க்கு மேல் போகாத உள்நாட்டு ஆலைக்கு, முதல் 60,000 பீப்பாய் வரை அமெரிக்க மத்திய வரி பீப்பாய்க்கு 3.50 டாலர்தான், கேனுக்கு ஒன்றரை சென்ட்கூட இல்லை. வரியைப் போல ஆறு மடங்குப் பணம், மணத்தை அதே அளவில் கூட்டாத ஹாப்ஸுக்குப் போகிறது. விவசாயி பாடுபட்டு விளைவித்த பூவை இப்படிக் கொட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

நடுவருக்கு இந்த 248 கேனில் கிடைப்பது 60 முதல் 90 மில்லி. ஊற்றியதும் முதலில் மூக்குக்குத்தான் வேலை. மெல்லிய மணங்கள் சில நொடிகளில் பறந்துவிடும். நிறம், நுரை பிறகு. வைன் போலத் துப்புவதில்லை. விழுங்கிய பின் தொண்டையில் கசப்பு எப்படி நிற்கிறது, எப்போது விலகுகிறது என்பதும் மதிப்பீட்டில் சேரும். ஒரு சுற்றில் 75 மில்லி வீதம் 12 பியர் என்றால் 900 மில்லி, சுமார் 46 கிராம் ஆல்கஹால். அமெரிக்கக் கணக்கில் ஒரு ‘டிரிங்க்’ 14 கிராம் என்பதால் மூன்றுக்கு மேல். இடையிடையே தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும் வைப்பது நாக்கைச் சுத்தப்படுத்திக்கொள்ளத்தான். நடுவராக வருபவருக்கான சுவைத் தேர்வில் 90 நிமிடத்தில் 6 பியர். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம்.

நல்ல தாளில் எண்ணைவிடக் குறிப்பு நீளமாக இருக்கும். வெண்ணெய் வாசனை என்றால் டைஅசிட்டைல், நொதித்தல் முழுமையாக முடியவில்லை. வேகவைத்த மக்காச்சோள மணம் என்றால் கொதி போதவில்லையோ என்று பார்க்க வேண்டும். பாலாடைக்கட்டி வாடை வந்தால் ஹாப்ஸ் பழசு. வெயில் பட்ட பாட்டிலில் லிட்டருக்குச் சில நானோகிராம் கந்தகச் சேர்மமே போதும், மூக்கு சுளிக்கும். இவற்றை எழுதாமல் 27 என்று மட்டும் போட்டுத் தரும் நடுவர், காய்ச்சியவருக்கு எதுவும் கொடுக்கவில்லை. 45க்கு மேல் அபூர்வம். 38 முதல் 44 மிகச் சிறப்பு. 30 முதல் 37 மிக நன்று. 13க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நடுவர்களின் மரியாதை.

ஐ.பி.ஏ.வை அதிகம் கெடுப்பது ஆக்சிஜனும் சூடும்தான். ஹாப்ஸ் மணம் மங்கி, ஈர அட்டைப்பெட்டி வாசனையும் பழைய தேன் இனிப்பும் ஏறும். கலிபோர்னியாவின் ஸ்டோன் ஆலை தன் ‘என்ஜாய் பை’ ஐ.பி.ஏ.வை 37 நாளுக்குள் குடிக்கும்படி தேதியைப் பெயராகவே வைத்து விற்கிறது. நல்ல ஐ.பி.ஏ. தேடுகிறவர்கள் கேனின் முகப்பில் இருக்கும் ஐ.பி.யு. எண்ணை விட்டுவிட்டு, அடியில் அச்சிட்ட அடைத்த தேதியைப் பாருங்கள். தேதியே இல்லாத கேனை வாங்க வேண்டாம்.