மின்வேலியின் அலாரம் சொல்வது என்ன?

பேரணாம்பட்டு, குடியாத்தம் பகுதிகளில் காட்டை ஒட்டி வீடும் நிலமும் உள்ள விவசாயிகள், யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் அஞ்சிச் சூரிய மின்வேலி அமைக்கின்றனர். விற்பவர் கூறும் சொற்களின் பொருள் தெரிந்திருத்தல் அவசியம்.

‘எனர்ஜைசர்’ என்பது பேட்டரி மின்சாரத்தை உயர் அழுத்தத் துடிப்புகளாக மாற்றும் பெட்டி. துடிப்பு கண்ணிமைக்கும் நேரமே நீடிக்கும்; அடுத்ததற்கு ஏறத்தாழ ஒரு நொடி இடைவெளி உண்டு. தொட்டவர் கையை எடுத்துக்கொள்வது அந்த இடைவெளியில்தான். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விட்டால் அந்த இடைவெளி இல்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அத்தகைய வேலியில் 3 யானைகள் மாண்டன. மனிதருக்கும் அதே கதிதான்.

‘அலாரம்’ யானை வந்ததை மட்டும் அறிவிப்பதன்று. கம்பியில் மின் அழுத்தம் குறைந்தால் ஒலிக்கும். கம்பி அறுந்திருக்கலாம்; வெறும் புல்லும் உரசலாம். ‘பொய் அலாரம்’ என்று இணைப்பையே கழற்றிவிடுவோர் உண்டு. அது தவறு, வேலியடிப் புல்லை அறுத்தாலே போதும்.

‘எர்த்’ என்பது மண்ணில் இறக்கும் கம்பி. கோடையில் மண் காய்ந்தால் வேலி வலுவிழக்கும். அவ்விடத்தில் தண்ணீர் ஊற்றி வரவேண்டும்.

இரவில் அலாரம் ஒலித்தால் தனியாக வேலியோரம் செல்லலாகாது. வேலி அமைப்பதற்கு முன், 2023ஆம் ஆண்டு விதிகள் பற்றி வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, உரிய அனுமதி பெறவும்.