காலியான ஜிமெயில் இன்பாக்ஸ்... காப்பாற்றியது 1950-களின் தொழில்நுட்பம்! காந்த டேப் வேலை செய்வது எப்படி?

2011 பிப்ரவரி இறுதி. ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேருக்கு அதிர்ச்சி. இன்பாக்ஸைத் திறந்தால் ஒரு மெயில்கூட இல்லை! மென்பொருள் கோளாறு, வெவ்வேறு டேட்டா சென்டர்களில் இருந்த நகல்களையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது பழைய காந்த டேப்தான்.

அட்டைக்கு மாற்று

ஆரம்பத்தில் தகவல்களை அட்டையில் ஓட்டை போட்டுத்தான் சேமித்தார்கள். ஒரு அட்டையில் 80 எழுத்துகள்தான். 1951-ல் அமெரிக்க மக்கள்தொகை கணக்கெடுப்பு அலுவலகம் பெற்ற யூனிவாக் கணினியில் உலோக டேப் வந்தது. 1952-ல் ஐபிஎம் 726 வந்தபோது அது பிளாஸ்டிக் டேப்பாக மாறியது. அரை அங்குல அகலம், ஒரு அங்குல நீளத்தில் 100 எழுத்துகள். அதாவது, ஒரு முழு அட்டை ஒரே அங்குலத்துக்குள் அடங்கிவிடும்!

டேப் அறுந்துவிடாதா?

அதுதான் பெரிய தலைவலி. டேப் நொடிக்கு 75 அங்குலம் ஓடணும், சட்டென நிற்கணும். ஆனால் கனமான ரீல் அவ்வளவு வேகமாக நிற்காது. இழுத்தால் டேப் அறுந்துவிடும். அதற்கு ஐபிஎம் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி, வெற்றிடக் குழாய் போன்ற அமைப்பு. காற்றை உறிஞ்சி, டேப்பை ‘யு’ வடிவில் தளர்வாகத் தொங்கவிட்டார்கள். தேவைப்படும்போது அந்தத் தளர்வான டேப் மட்டும் முதலில் நகரும். ரீல் பிறகு மெதுவாக ஈடுகொடுக்கும்.

குறையும் உண்டு

பாட்டு கேசட்டில் கடைசிப் பாட்டைக் கேட்க ஃபார்வர்டு பண்ணுவோமே, அதே கதைதான். நடுவில் இருக்கும் ஒருவரின் கணக்கை மட்டும் தனியாக எடுக்க முடியாது. அதனால் சம்பளப் பட்டியல் போன்றவற்றை வரிசைப்படுத்தி, மொத்தமாக ஓட்டினார்கள்.

தவறான ரீலில் எழுதிவிட்டால் பழைய கணக்கு மொத்தமும் போச்சு! இதைத் தடுக்க, ரீலின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் வளையம் வைக்கும் முறை வந்தது. வளையம் இருந்தால் மட்டுமே இயந்திரம் எழுதும். கழற்றிவிட்டால் படிக்க மட்டும்தான் முடியும்.

இன்றும் ஏன் டேப்?

ஜிமெயில் விஷயத்திலும் காரணம் எளிமையானது. டேப் இணையத்தோடு இணைக்கப்படாமல் தனியாக இருந்தது. அதனால் கோளாறு அதைத் தொடவே இல்லை. வேகம் குறைவுதான், ஆனால் தொலைந்த மெயில்கள் அதிலிருந்துதான் திரும்பி வந்தன.

உங்கள் குடும்பப் போட்டோக்களுக்கும் இதே பாடம்தான்: ஒரு நகலாவது இணையத்தில் சேராமல் தனியாக இருக்கட்டும்.