சீரொளிவழி மேற்பரப்பு நுண்வடிவமைப்பு

சீரொளிவழி மேற்பரப்பு நுண்வடிவமைப்பு என்பது சீரொளித் (லேசர்) துடிப்புகளைக் கொண்டு ஒரு பொருளின் மேற்பரப்பில் நுண்ணிய வரிப்பள்ளங்களையும் குழிகளையும் உருவாக்கும் தொழில்நுட்பம் ஆகும். செயற்கைப் பல்வேர் போன்று உடலினுள் பொருத்தப்படும் உறுப்புகளின் மீது உயிரணுக்கள் உறுதியாக ஒட்டி வளர இது உதவுகிறது.

பின்னணி

சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிடுவதை 1952 இல் கண்டார். 1965 இல் மனிதருக்கு டைட்டானியப் பல்வேரைப் பொருத்தினார். எனினும் உடலின் உயிரணுக்களுக்கு முன்பாகப் பாக்டீரியாக்கள் பற்றிக்கொண்டால், தொற்று ஏற்பட்டு உறுப்பையே அகற்ற நேரிடலாம். இப்போட்டியை அந்தோனி கிரிசுட்டினா 1987 இல் மேற்பரப்புக்கான ஓட்டப்பந்தயம் என்று விளக்கினார்.

செய்முறை

பெம்டோ நொடி என்பது ஒரு நொடியில் ஆயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. இத்தகைய குறுகிய துடிப்புகளில் வெப்பம் பரவுவதற்குள் மேற்படலம் நீங்கிவிடுவதால், சுற்றியுள்ள உலோகம் பெரிதும் உருகுவதில்லை. விழும் ஒளியும் மேற்பரப்பில் சிதறும் அலையும் குறுக்கிடுவதால், ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய இடைவெளியில் வரிகள் தோன்றுகின்றன. இத்தகைய வரிகளை 1965 இல் பிர்ன்பாம் குறைகடத்திகளில் கண்டறிந்தார்.

உயிரணு ஒட்டும் முறை

உயிரணு உலோகத்தை நேரடியாகப் பற்றுவதில்லை. முதலில் குருதியிலுள்ள புரதங்கள் மேற்பரப்பில் படிகின்றன. உயிரணுச் சவ்வின் இன்டெக்ரின் மூலக்கூறுகள் அப்புரதங்களைப் பற்றி, கொத்தாகத் திரண்டு, உள்ளிருக்கும் ஆக்டின் இழைகளுடன் இணைகின்றன. வரிப்பள்ளங்கள் இப்பிடிப்புகள் அமையும் இடத்தையும் திசையையும் கட்டுப்படுத்துகின்றன. இதனால் உயிரணு பள்ளத்தின் திசையில் நீண்டு வளர்கிறது. இது தொடுவழிகாட்டல் எனப்படும். கழுத்துப் பகுதியில் 8 முதல் 12 மைக்ரோமீட்டர் அளவுள்ள சீரொளி வரிப்பள்ளங்களைக் கொண்ட பல்வேர்கள் பயன்பாட்டில் உள்ளன.

அளவின் முக்கியத்துவம்

எலும்பு உயிரணு பல பத்து மைக்ரோமீட்டர் அகலம் வரை பரவக்கூடியது. இசுட்டேபிலோகாக்கசு பாக்டீரியாவின் விட்டமோ ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் மட்டுமே. எனவே அதைவிடப் பெரிய குழி அதற்குப் புகலிடமாகலாம். அதைவிடச் சிறிய வரிகள் அது தொடும் பரப்பைக் குறைத்து, ஒட்டுதலைத் தளர்த்தலாம். இவ்விளைவு பாக்டீரியாவின் இனத்தைப் பொறுத்து மாறுபடும்.

சீரொளியின்றியும் இத்தகைய பரப்புகளை உருவாக்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள், தும்பியின் இறக்கையை முன்மாதிரியாகக் கொண்டு, அயனி அரிப்பு முறையில் நானோ முனைகள் நிறைந்த கருப்பு டைட்டானியத்தை உருவாக்கி 2017 இல் வெளியிட்டனர். பாக்டீரியாவைக் கொன்று, மனித உயிரணுக்களை வளரவிடுவதே அதன் நோக்கம்.

வரம்புகள்

பெரிய, வளைந்த பரப்புகளில் நுண்வரிகளைப் பொறிக்க நேரமும் செலவும் கூடுதலாகும். ஆய்வகத் தட்டில் கிடைக்கும் முடிவு, குருதியும் நோயெதிர்ப்பு உயிரணுக்களும் நிறைந்த உடலில் அப்படியே கிடைக்கும் என்று கொள்ள இயலாது.